பென்சில்வேனியாவின் மான் வேட்டைச் சர்ச்சை: கொம்பு வளர்ந்தது, கூட்டம் குறைந்தது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வடமத்தியக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்த மூத்தவர்களிடம் மான் வேட்டையைப் பற்றிக் கேட்டால், அவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். முன்பெல்லாம் பருவத்தின் முதல் நாளிலேயே இருபது முப்பது மான்களைப் பார்த்துவிடுவோம், இப்போது வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தாலும் ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகிறது என்பது அந்தப் பதில். அதே மாநிலத்தின் தெற்கிலும் மேற்கிலும் பண்ணைநிலங்களை ஒட்டி வேட்டையாடுகிற இளைஞர்களோ, தங்கள் அப்பாக்கள் காலத்தில் அபூர்வமாக இருந்த அகன்ற கொம்புள்ள ஆண் மான்கள் இன்று சாதாரணமாகக் கிடைப்பதாகச் சொல்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மை. இரண்டுக்கும் காரணம், 2000 முதல் 2003 வரை அந்த மாநிலம் தன் வேட்டை விதிகளில் அடுத்தடுத்துச் செய்த மாற்றங்கள். அந்த மாற்றங்கள் எதற்காக வந்தன, எதைச் சாதித்தன, ஏன் இத்தனை கசப்பை விளைவித்தன என்பதை ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே குற்றமாகிவிட்ட நாட்டிலிருந்து பார்க்கும்போது, ஒரு மாநில அரசு தானே லட்சக்கணக்கில் மான்களைச் சுட உரிமம் விற்பது விந்தையாகத் தோன்றலாம். அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்தின் சொந்தக்காரருடையதன்று. அது பொதுமக்களின் சொத்து, மாநிலம் அதன் காப்பாளர். பென்சில்வேனியாவின் அரசியல் சாசனமே, மாநிலத்தின் பொது இயற்கை வளங்கள் இனிவரும் தலைமுறையினர் உட்பட மக்கள் அனைவருக்கும் பொதுவானவை என்று 1971 முதல் சொல்லி வருகிறது. ஓநாயும் மலைச்சிங்கமும் அழிக்கப்பட்டுவிட்ட அந்தக் காடுகளில் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க மாநிலத்திடம் உள்ள கருவி வேட்டைக்காரரின் துப்பாக்கி ஒன்றுதான். அந்தப் பொறுப்பைச் சுமக்கும் கேம் கமிஷன் என்னும் ஆணையத்துக்கு மாநிலத்தின் பொது வரிப்பணத்திலிருந்து நிதி வருவதில்லை. வேட்டை உரிமக் கட்டணம், துப்பாக்கி, தோட்டா மீது 1937-ன் கூட்டாட்சிச் சட்டப்படி வசூலாகும் தீர்வையின் பங்கு, தன் நிலத்து மரமும் எரிவாயுவும் தரும் வருமானம் ஆகியவற்றில்தான் அது நடக்கிறது. ஆக, மான் கூட்டத்தைக் குறைக்கும் கருவியும் வேட்டைக்காரர்தான். அந்தக் குறைப்புக்குக் கட்டணம் கட்டுகிறவரும் அவர்தான். குறைந்த பிறகு ஏமாற்றத்தோடு வீடு திரும்புகிறவரும் அவர்தான். பின்னால் வந்த தகராறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த அமைப்பில் இருக்கிறது.

நூறு ஆண்டுப் பழக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் மான்களே ஏறக்குறைய இல்லை. சந்தைக்காகச் சுட்டதும் காட்டை மொட்டையடித்ததும் சேர்ந்து அவற்றை அழித்துவிட்டன. 1895-ல் கேம் கமிஷனை அமைக்கச் சட்டம் வந்தது. 1906 முதல் மிச்சிகன் போன்ற மாநிலங்களிலிருந்து மான்களை வாங்கி வந்து விட்டார்கள். 1907-ல் பெண் மானைச் சுடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். வெட்டப்பட்ட காடு முழுவதும் அப்போது இளந்தளிராகத் துளிர்த்துக்கொண்டிருந்தது. வாய்க்கெட்டும் உயரத்தில் எங்கும் தீனி, கொல்ல வரும் விலங்கு இல்லை, பிணைகளுக்கு, அதாவது பெண் மான்களுக்கு, சட்டத்தின் காவல். இருபதே ஆண்டுகளில் மான்கள் பெருகி, காடு தாங்காத அளவுக்குப் போய்விட்டன. பட்டினியால் மான்கள் செத்துக் கிடந்ததைக் கண்ட கமிஷன், 1928-ல் மாநிலம் முழுவதும் பெண் மான் வேட்டையைத் திறந்தபோது வேட்டைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். இருபது ஆண்டுகளாகப் பெண் மானைச் சுடுவது பாவம் என்று சொல்லிக் கொடுத்ததும் அதே கமிஷன்தான். 1950-ல் கமிஷனின் ஆய்வாளர் ரோஜர் லேதம் மான் பெருக்கத்தைக் குறித்து விரிவாக எழுதி எச்சரித்தும் நிலைமை மாறவில்லை.

பெண் மானைத் தொடாதே என்னும் அந்தப் பாடம் அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்கியது. வடமத்தியப் பகுதியின் பாட்டர், கிளின்டன், கேமரன், எல்க், மெக்கீன் முதலான கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) வேட்டைக் குடில்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1963 முதல் 2018 வரை, நவம்பர் இறுதியில் வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கும். பல ஊர்களில் அன்று பள்ளிக்கே விடுமுறை. இரண்டு வாரம் ஆண் மான் வேட்டை, அதற்குப் பிறகு மூன்றே நாள் பெண் மான் வேட்டை என்பதே வழக்கம். இந்த ஏற்பாட்டில் ஆண் மான்கள் பெரும்பாலும் ஒன்றரை வயதிலேயே, முதல் கொம்பு முளைத்த பருவத்திலேயே சுடப்பட்டன. கொம்பில் இரண்டு கிளை இருந்தாலும் போதும், கிளைவிடாத ஒற்றைக் கொம்பு மூன்று அங்குலம் இருந்தாலும் போதும் என்பது பழைய விதி. சுடப்பட்ட ஆண் மான்களில் பத்தில் எட்டு, ஒன்றரை வயது இளம் மான்கள். கூட்டத்தில் பெண் மான்களே மிகுந்திருந்தன. வயது முதிர்ந்த ஆண் மானைக் காண்பது அரிது. ஆனாலும் அங்கே வேட்டை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் மான்கள் வரிசையாகக் கடந்து போகும் என்பதே அவர்களுக்கு அளவுகோல்.

காட்டுக்குள் தெரியாத இழப்பு

அந்த மான்கள் காட்டை என்ன செய்தன என்பதைத் துல்லியமாக அளந்த சோதனை ஒன்று வடமேற்கில் நடந்தது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர்கள் 1979 முதல் பத்தாண்டுகள் அலிகெனி பீடபூமியில் வேலியிட்ட அடைப்புகளுக்குள், சதுர மைலுக்கு ஏறத்தாழ 10, 20, 38, 64 என்னும் அடர்த்திகளில் மான்களை வளர்த்து, ஒவ்வொன்றிலும் என்ன முளைக்கிறது, என்ன அழிகிறது என்று கணக்கெடுத்தார்கள். சதுர மைலுக்கு இருபதைத் தாண்டியதும் காட்டின் அடுத்த தலைமுறை மரங்கள் வகையிலும் எண்ணிக்கையிலும் குறையத் தொடங்கின. அங்கே பறவைகளை எண்ணிய டேவிட் டிகலெஸ்டா, மிகக் குறைந்த அடர்த்தியிலிருந்து மிகக் கூடிய அடர்த்திக்குப் போகும்போது, நடு உயரக் கிளைகளில் கூடு கட்டும் பறவைகளின் வகைகள் 27 விழுக்காடும், எண்ணிக்கை 37 விழுக்காடும் குறைந்ததைக் காட்டினார். மான் ஒரு பறவையையும் தொடவில்லை. பறவைக்கு இருப்பிடம் தந்த புதரைத் தின்றது, அவ்வளவே.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் அந்த மாநிலத்தின் பொதுக் காடுகளில் மரம் வெட்டிய இடங்களைச் சுற்றிப் போட்டிருக்கும் எட்டடி உயரக் கம்பிவேலிகளுக்குப் போக வேண்டும். வேலிக்கு உள்ளே ஓக்கும் செர்ரியும் மேப்பிளும் தோள் உயரத்துக்கு நெருக்கியடித்து நிற்கும், நுழைவதே பாடு. கம்பிக்கு வெளியே, ஓரடி தள்ளி, முழங்கால் உயரத்துக்கு ஒரே பெரணி. மான் தின்ன விரும்பாத அந்தப் பெரணி வகை, காய்ந்தால் வைக்கோல் மணம் வீசும். வெயிலைத் தடுத்துக் கீழே எதையும் எழவிடாது. அதை விலக்கிப் பார்த்தால் சில இடங்களில் ஒரு சாண் உயர ஓக் கன்று கிடைக்கும். அதன் நுனி கத்தியால் நறுக்கியது போலிராமல் நார் நாராகப் பிய்ந்திருக்கும். மானுக்கு மேல் வாயில் முன்பற்கள் இல்லாததால், அது தளிரைக் கடித்துத் துண்டிக்காமல் பற்றி இழுத்துப் பிய்க்கிறது. தண்டின் அடியை உற்றுப் பார்த்தால் அந்தக் கன்று ஓராண்டில் வளர்ந்ததில்லை, பல ஆண்டுகளாகத் துளிர்த்துத் துளிர்த்து மேயப்பட்டது என்பது விளங்கும். வேட்டைக்காரர் மேலே நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்து, காடு செழிப்பாக இருக்கிறது என்கிறார். வன அலுவலர் கீழே பார்த்து, இந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை என்கிறார்.

ஆல்ட் கொண்டுவந்த மாற்றம்

இந்த நிலையில்தான் 1999-ல் மான் நிர்வாகப் பிரிவின் தலைமைக்குக் கேரி ஆல்ட் வந்தார். அதற்கு முன் பல ஆண்டுகள் கருங்கரடிகளை ஆராய்ந்து மாநிலம் முழுவதும் மதிக்கப்பட்டவர்; பேச்சாற்றல் மிக்கவர். ஊர் ஊராகப் போய் அரங்குகளில் வேட்டைக்காரர்களைத் திரட்டி, பெண் மான்களைக் கூடுதலாகவும் இளம் ஆண் மான்களைக் குறைவாகவும் சுட வேண்டும் என்று வாதிட்டார். எதிர்ப்பு எந்த அளவுக்குப் போனதென்றால், மிரட்டல்கள் வந்து, சில கூட்டங்களில் அவர் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்து பேச நேர்ந்தது.

மாற்றங்கள் விரைந்து வந்தன. 2000-ல் அக்டோபர் மாதத்திலேயே பெண் மான்களுக்கென்று, வாய் வழியே மருந்து கிட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்கான பருவம் ஒன்றைத் திறந்தார்கள். 2001-ல் ஆண், பெண் இரண்டையும் ஒரே இரண்டு வாரத்தில் சுடலாம் என்றாக்கினார்கள். 2002-ல் கொம்பு விதி வந்தது: பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பிலாவது மூன்று கிளை, மேற்குக் கவுண்டிகளில் நான்கு கிளை இருந்தால்தான் ஆண் மானைச் சுடலாம். சிறுவர், மாற்றுத்திறனாளர் போன்றோருக்கு மட்டும் விலக்கு. 2003-ல் கவுண்டி வாரியான கணக்கைக் கைவிட்டு, மாநிலத்தை 22 வேட்டை நிர்வாக அலகுகளாகப் பிரித்தார்கள். பெண் மான் உரிமங்களின் ஒதுக்கீடு 2004-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது.

இந்த விதிகளில் ஒன்று இனிப்பு, மற்றொன்று கசப்பு என்பதும், இரண்டையும் ஒருசேரக் கொடுத்தால்தான் வேட்டைக்காரர் கசப்பை விழுங்குவார் என்பது அதற்குள் இருந்த கணக்கு என்பதும் என் கருத்து. பெரிய கொம்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெண் மான் ஒதுக்கீட்டைப் பலர் பொறுத்துக்கொண்டார்கள். முதலில் கணக்கு பலித்தது. 2002-03 பருவத்தில் 5,17,529 மான்கள் சுடப்பட்டன. அவற்றில் 3,52,113 கொம்பில்லாதவை. அது மாநிலத்தின் உச்ச எண்ணிக்கை. அதற்குப் பிறகு இறக்கம். 2004-05-ல் ஏறத்தாழ 4,09,000, 2005-06-ல் 3,54,000, 2009-10-ல் 3,09,000. ஆண் மான் கணக்கு இன்னும் வேகமாக விழுந்தது. 2001-02-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது, 2009-10-ல் 1,08,000 அளவுக்கு வந்தது. ஆண்டுதோறும் கொம்போடு ஒரு மானைக் குடிலுக்குக் கொண்டுவந்த வீட்டில், அடுத்தடுத்து நான்கைந்து ஆண்டுகள் வெறுங்கை. ஆல்ட் 2004 இறுதியில் பதவியை விட்டு விலகினார்.

புகார் மெய்யானதா?

ஆணையத்தின் ஆதரவாளர்களில் சிலர், வேட்டைக்காரருக்குச் சோம்பல், காரை விட்டு இறங்கி நடப்பதில்லை, அதனால்தான் மான் கிடைப்பதில்லை என்று சொன்னதுண்டு. அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டுவேன் டீஃபென்பாக்கும் உடன் பணியாற்றியவர்களும் ஸ்ப்ரவுல் அரசுக் காட்டின் மேல் விமானத்தில் பறந்து வேட்டைக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்தபோது, பெரும்பாலோர் சாலையை விட்டு வெகுதூரம் போகவில்லை, செங்குத்துச் சரிவுகளைத் தவிர்த்தார்கள் என்பது தெரிந்தது. 2013 முதல் நடக்கும் மற்றொரு நீண்ட ஆய்வில் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டிய மான்களோ, பருவம் தொடங்கியதும் அதே செங்குத்துச் சரிவுகளில் போய்ப் பதுங்கின. வேட்டைக்காரர் எண்ணிக்கையும் சரிந்தது. 1980-களின் தொடக்கத்தில் சுமார் 13 லட்சமாக இருந்த உரிமம், 2000-களில் பத்து லட்சத்தை ஒட்டி வந்து, பிறகு ஒன்பது லட்சத்துக்கும் கீழே போனது. ஒரு மலைமுகட்டில் முன்பு பத்துக் குடில்காரர்கள் வரிசைகட்டி நடந்து மான்களைக் கிளப்பி விடுவார்கள். கிளம்பிய மான் யாராவது ஒருவரின் கண்ணில் பட்டே தீரும். ஆள் குறைந்தபின் மான் எழுந்து ஓடுவதில்லை. இருக்கும் மானும் கண்ணில் படாமல் போவதற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் இதையே முழுக் காரணமாக்கி, புகார் சொல்கிறவரைக் குறை கூறுவது நியாயமில்லை. மான் கூட்டம் குறைந்தது உண்மை. குறைக்க வேண்டும் என்றுதானே விதியே மாற்றப்பட்டது. திட்டம் நினைத்தபடி நடந்திருக்கிறது என்பதற்கு வேட்டைக்காரரின் ஏமாற்றமே சாட்சி. அதை ஒப்புக்கொண்டு, ஆம், குறைத்தோம், இதற்காகக் குறைத்தோம், இந்த அளவோடு நிறுத்துவோம் என்று சொல்லியிருந்தால் பாதிச் சண்டை எழுந்திருக்காது. ஆணையமோ சதுர மைலுக்கு இத்தனை மான் என்னும் பழைய இலக்கைக் கைவிட்டு, மானின் உடல்நலம், காட்டின் நலம், மனிதரோடு ஏற்படும் மோதல் ஆகியவற்றை அளவுகோலாக்கியது. அறிவியல் நோக்கில் அது சரியான முடிவு, ஏனென்றால் காட்டு மானைத் துல்லியமாக எண்ணுவது இயலாத காரியம். ஆயினும் எண்ணிக்கையே வெளியிடாத ஒரு துறை, எங்கே கொண்டு நிறுத்தப்போகிறது என்ற சந்தேகம் மக்களிடம் வளர்ந்தது. சந்தேகத்தோடு வதந்தியும் வளர்ந்தது. மான் மோதும் கார் விபத்துகளைக் குறைக்கக் கமிஷன் காப்பீட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கயோட்டி என்னும் நரியினத்தைக் கொண்டுவந்து காட்டில் விட்டிருக்கிறது என்ற பேச்சைக் கமிஷன் எத்தனை முறை மறுத்தும் அது அடங்கவில்லை.

வடமத்தியக் காடுகளில் குறை அதிகமாக உணரப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த மண் இயல்பிலேயே சத்துக் குறைந்தது; பல பத்தாண்டு அமில மழை அதன் சுண்ணாம்புச் சத்தை மேலும் அரித்துவிட்டது. அதற்கு மேல் எழுபது ஆண்டுகள் மான்கள் அடித்தளத்தை மேய்ந்து தீர்த்திருந்தன. 2000-2001-ல் இரண்டு இடங்களில் மான் குட்டிகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி நடத்திய ஆய்வில், பண்ணைநிலம் சூழ்ந்த பென்ஸ் பள்ளத்தாக்கைவிட அடர்காடான குவஹானாவில் குட்டிகள் பிழைத்தது குறைவாக இருந்தது. கரடியும் கயோட்டியும் கணிசமாக அடித்தன. ஒரே விதியைப் பண்ணைநிலத்திலும் அடர்காட்டிலும் விதித்தால், முன்னதில் மான் ஈராண்டில் மீளும், பின்னதில் மீளாது. மூத்த வேட்டைக்காரர்களின் குடில்கள் எல்லாம் இருப்பதோ பின்னதில். வேட்டை எங்கே மிகப் பழையதோ, எங்கே குடும்பங்களின் நினைவு மிக ஆழமாக வேரூன்றியதோ, அங்கேதான் இழப்பு மிகக் கடுமையாகவும் மிக நீண்டும் விழுந்தது. இதை முன்கூட்டியே கணித்திருக்க முடியும். ஆல்ட் காலத்து வேகம் அதற்கு இடம் தரவில்லை.

எதிர்ப்பாளர்களில் பல சங்கங்கள் இருந்தாலும், நீதிமன்றம் வரை போனது யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ்மென் ஆஃப் பென்சில்வேனியா என்னும் அமைப்பு. பெண் மான் ஒதுக்கீட்டுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்பது அதன் வாதம்; வழக்குகளால் ஒதுக்கீட்டை நிறுத்த முடியவில்லை. பெண் மான் உரிமத்துக்கு அப்போது இளஞ்சிவப்பு உறையில் விண்ணப்பத்தை வைத்துக் கவுண்டிப் பொருளாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். சிலர் அந்த உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கி, மானைச் சுடாமல் கிழித்துப் போட்டார்கள். ஒரு உரிமம் கிழிந்தால் ஒரு பிணை பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் செயலை நான் ஏற்கவில்லை. ஆனால் அதில் இருந்த பற்றைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சர்ச்சையைப் புரிந்துகொள்ள முடியாது.

சட்டமன்றத்தின் அழுத்தமும் சேர்ந்தது. உரிமக் கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருந்தது. 1999-க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் பொது உரிமக் கட்டணம் உயரவே இல்லை. மான் குறைந்ததில் கோபம் கொண்ட தொகுதிகளின் உறுப்பினர்கள் அதற்கு ஒரு முக்கியத் தடை. சட்டமன்றக் குழு ஒன்று மான் திட்டத்தை வெளியார் ஆய்வுக்கு உட்படுத்தியது. 2010-ல் வந்த வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்டின் அறிக்கை, திட்டம் பொதுவாக அறிவியல் அடிப்படை உடையது என்றும், அளவீடுகள் சிலவற்றைச் செம்மைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. எதிர்ப்பு அதனால் ஓய்ந்துவிடவில்லை.

கொம்பு விதி ஏன் நிலைத்தது

ஒரே காலத்தில், ஒரே ஆணையம் கொண்டுவந்த இரண்டு விதிகளில் கொம்பு விதி இன்று ஏறக்குறைய எல்லோராலும் ஏற்கப்பட்டுவிட்டது. பெண் மான் ஒதுக்கீடு மட்டும் இன்னும் ஆண்டுதோறும் சண்டைக்கு இழுக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் இந்த நிகழ்வின் மையமாக நான் கருதுகிறேன்.

கொம்பு விதியின் விளைவு மூன்றே ஆண்டில், மானின் தலையிலேயே தெரிந்தது. ஒன்றரை வயதில் சுடப்பட்டிருக்க வேண்டியவற்றில் பல பிழைத்து, இரண்டரை, மூன்றரை வயதாகின. ஆம்ஸ்ட்ராங், சென்டர் கவுண்டிகளில் நூற்றுக்கணக்கான இளம் ஆண் மான்களுக்கு ரேடியோப் பட்டை கட்டித் தொடர்ந்த ஆய்வு அந்தப் பிழைப்பை உறுதி செய்தது. ஆண்டுதோறும் பருவத்தின்போது ஆணையத்தின் ஆட்கள் இறைச்சிக் கடைகளுக்குப் போய், வேட்டைக்காரர் வெட்டக் கொடுத்த தலைகளின் தாடையைத் திறந்து பார்ப்பது வழக்கம். கீழ்த்தாடையின் மூன்றாவது முன்கடைவாய்ப் பல் மூன்று முகடாக இருந்தால் அது இன்னும் பால்பல். ஒன்றரை வயதில் அது விழுந்து, இரண்டு முகடுள்ள வெள்ளைப் பல் முளைக்கும். தேய்ந்த இரண்டு முகட்டுப் பல் என்றால் இரண்டரைக்கு மேல். கைவிளக்கு வெளிச்சத்தில் சில நொடிகளில் முடிகிற இந்தச் சோதனையில், முன்பு பத்தில் எட்டுத் தலை ஒன்றரை வயதுடையதாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண் மான்கள் இரண்டரை வயதோ அதற்கு மேலோ. எந்த விவாதமும் இல்லாமல், குடில் சுவரில் மாட்டிய கொம்பே ஆணையத்துக்காகப் பேசியது.

பெண் மான் விதியின் விளைவோ பெரணிக்கு அடியில், பத்துப் பதினைந்து ஆண்டுகளில், விரலளவு கன்றாக எழுகிறது. பல இடங்களில் மான் குறைந்த பிறகும் எழவில்லை. பெரணி விடவில்லை, மண்ணும் துணை நிற்கவில்லை. தான் எதை இழந்தேன் என்பது வேட்டைக்காரருக்கு ஒவ்வொரு நவம்பரிலும் தெரிகிறது. எதற்காக இழந்தேன் என்பது தெரிவதற்குள் அவர் வேட்டையையே விட்டுவிடக்கூடும். காட்டில் கன்று எழுந்ததை அவருக்கு யாரும் கொண்டுபோய்க் காட்டவும் இல்லை.

காட்டிய இடங்களில் நிலைமை வேறாக இருந்தது. வடமேற்கில் கின்சுவா குவாலிட்டி டீர் கோஆப்பரேட்டிவ் என்னும் கூட்டு முயற்சி, 2000-ல் ஏறத்தாழ 74,000 ஏக்கர் பரப்பில் தொடங்கியது. தேசியக் காடு, குடிநீர் வாரியம், மர நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்த நிலம் அது. மான் புழுக்கைகளை எண்ணி அடர்த்தியைக் கணித்தார்கள், கன்றுகளை எண்ணினார்கள், வேட்டைக்காரர் சுட்டதைக் கொண்டுவந்து நிறுக்க நிலையம் வைத்தார்கள், கணக்கை அவர்களிடமே சொன்னார்கள். 2003-ல் வந்த டிஎம்ஏபி என்னும் திட்டத்தின்படி, நில உரிமையாளர் தம் நிலத்துக்கு மட்டும் கூடுதல் பெண் மான் அனுமதிகளைப் பெறலாம்: விளைநிலமென்றால் ஐந்து ஏக்கருக்கு ஒன்று, மற்ற நிலமென்றால் ஐம்பது ஏக்கருக்கு ஒன்று. அதைப் பயன்படுத்தி அங்கே அடர்த்தியை ஏறத்தாழப் பாதியாக்கினார்கள். மான்களின் எடை கூடியது, கொம்பு பருத்தது, கன்றுகள் எழுந்தன. எங்கே மிகுதியோ அங்கே மட்டும் குறை, குறைத்ததன் பலனைச் சுட்டவருக்கே காட்டு என்னும் இந்த முறை, மாநில அளவிலான ஒதுக்கீட்டைவிடச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. மாநில அலகுகள் மிகப் பெரியவை. ஒரே அலகுக்குள் சோளக்காடும் உண்டு, பத்து மைல் ஆளில்லாக் காடும் உண்டு.

இன்றைய நிலை

ஆணையம் இடையில் பின்வாங்கியும் பார்த்தது. 2008-ல் நான்கு அலகுகளில் முதல் சில நாள் ஆண் மான் மட்டும், மீதி நாள் இரண்டும் என்று பருவத்தைப் பிரித்தது. அது பெரும்பாலான அலகுகளுக்குப் பரவி, 2021-ல் மறுபடி மாநிலம் முழுவதும் இரண்டு வாரமும் இரண்டையும் சுடலாம் என்றானது. 2019-ல் தொடக்க நாள் திங்களிலிருந்து சனிக்கு மாறியதில் குடில்காரர்கள் பலர் வருந்தினார்கள்; வேலைக்குப் போகும் இளையவர்களும் மாணவர்களும் வரவேற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு இருந்த பழைய தடை 2020-ல் சில நாட்களுக்குத் தளர்ந்து, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் நீங்கியது. 2023-ல் பெண் மான் உரிமம் இணையத்துக்கு வந்தது. இளஞ்சிவப்பு உறையின் காலம் முடிந்தது. 2012-ல் அடைப்பில் வளர்த்த மானிடமும், அடுத்து பிளேர், பெட்ஃபோர்ட் கவுண்டிகளின் காட்டு மான்களிடமும் கண்டறியப்பட்ட சிடபிள்யூடி என்னும் மூளைச் சிதைவு நோய், கூட்டத்தை அடர்த்தியாக விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமாகச் சேர்ந்தது.

மொத்த எண்ணிக்கை இப்போது ஏறுமுகம். 2024-25-ல் ஏறத்தாழ 4,77,000 மான்கள் சுடப்பட்டன. அதில் ஆண் மான் 1,75,000. இருபது ஆண்டுகளில் இதுவே உச்சம். ஆனால் இந்த மொத்தத்தைக் காட்டி, வேட்டை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று வடமத்தியக் குடில்காரரிடம் சொன்னால் அவர் ஏற்கமாட்டார், ஏற்கவும் தேவையில்லை. பெருக்கத்தில் பெரும்பங்கு பண்ணைநிலம், புறநகர் சார்ந்த அலகுகளுடையது. அவர் உட்காரும் மலைமுகட்டுக்கு அந்தக் கூட்டல் பொருந்தாது.

ஒவ்வோர் ஏப்ரலிலும் ஆணையத்தின் வாரியம் கூடி அடுத்த பருவத்தின் நாட்களையும் ஒதுக்கீட்டையும் முடிவு செய்கிறது. அந்த மேசையில் இப்போது அலகு வாரியாகச் சுடப்பட்ட மான்களின் மதிப்பீடு வைக்கப்படுகிறது. அதோடு, ஒவ்வொரு அலகிலும் எந்தெந்தக் காட்டுத் துண்டில் கன்று எழுகிறது, எங்கே எழவில்லை, எழாததற்கு மான் காரணமா மண் காரணமா என்னும் கணக்கையும் வைத்து, அடர்காட்டு அலகுகளில் மான் காரணமில்லாத இடங்களுக்குப் பெண் மான் ஒதுக்கீட்டைக் குறைத்து, மிகுந்த இடங்களுக்கு டிஎம்ஏபி அனுமதியால் ஈடுகட்ட முடியும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கணக்கெடுக்கும் ஆட்களும், எடுத்ததைக் குடில் குடிலாகக் கொண்டுபோய்க் காட்டும் பொறுமையும்தான் வேண்டும்.